மாட்டுங்கா: வீடுகள் தனித்தனி, வீதி பொது

டெல்லி, கல்கத்தா, நாக்பூர், ஜாம்ஷெட்பூர் என்று எங்கே வசிக்கும் வாசகராக இருந்தாலும் சரி, உங்கள் குடும்பத்தில் மாட்டுங்காவில் இருந்த ஒரு சித்தப்பாவோ அத்தையோ ஒன்றுவிட்ட மாமாவோ கட்டாயம் இருப்பார்கள். "பம்பாயில் எங்கே?" என்று கேட்டால் ஒரு காலத்தில் பாதிப் பேர் சொன்ன பதில் அந்த ஒரு சொல்தான். என் பெரியப்பா பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்த சர்டிபிகேட்டோடும் ஒரு தகரப் பெட்டியோடும் அங்கேதான் வந்து இறங்கினார். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். ஆகவே இது சரித்திரக் கட்டுரை என்றாலும், நடுநடுவே சொந்தக் கதையும் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாட்டுங்காவைப் பற்றிப் பேசும்போது "அது ஒரு மினி மெட்ராஸ்" என்று சொல்லி முடித்துவிடுவது நம்மவர்களின் வழக்கம். அது பாதி உண்மைதான். அந்தப் பேட்டையை நம்மவர்கள் மட்டும் உருவாக்கவில்லை. அங்கே நமக்குக் கிடைத்த வரவேற்பும் நாமே நமக்குக் கொடுத்துக்கொண்டதல்ல. அந்த மீதிப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளேக் போட்ட பிள்ளையார் சுழி

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். ஊரை விட்டு ஓடியவர்கள் ஏராளம். அதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து அகலமான சாலைகள் போடுவதும், நகரின் வடக்கே காலியாகக் கிடந்த நிலங்களை எடுத்து ஒழுங்கான குடியிருப்புகள் அமைப்பதும் அதன் வேலை. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளுக்கான திட்டங்கள் அப்படிப் பிறந்தவைதான்.

அதற்கு முன் மாட்டுங்கா கிட்டத்தட்ட கிராமம்தான். கோட்டைப் பகுதியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தூரம். ஜி.ஐ.பி. ரயில்வேயின் தண்டவாளம் அந்தப் பக்கமாகப் போனது. 1915இல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் வந்தது. டிரஸ்டுக்காரர்கள் முதலில் சாலைகளைப் போட்டார்கள். பிறகு மனைகளை அளந்து நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார்கள். கட்டடம் இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக்கூடாது, சுற்றிலும் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று நிபந்தனைகளும் வைத்தார்கள். இன்றும் மாட்டுங்காவின் உள் தெருக்களில் நிழல் இருக்கிறதென்றால் அந்த நிபந்தனைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது.

தெருக்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தெலாங் ரோடு, பண்டார்க்கர் ரோடு, சந்தாவர்க்கர் ரோடு, பாவு தாஜி ரோடு. காசிநாத் திரிம்பக் தெலாங், ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர், நாராயண் கணேஷ் சந்தாவர்க்கர், டாக்டர் பாவு தாஜி லாட் ஆகியோர் பம்பாய் மாகாணத்தின் பண்டிதர்கள், நீதிபதிகள், சீர்திருத்தக்காரர்கள். கல்லூரிக்குப் பின்னால் போகும் சாலைக்குப் பம்பாய் மாநகராட்சியின் முதல் இந்தியக் கமிஷனரான ருஸ்தம் மசானியின் பெயர். காய்கறி வாங்கப் போகிறவன் கூட வித்வான்களின் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும்!

யார் யார் வந்தார்கள்?

மனைகள் சும்மா ஒருவர் பின் ஒருவராக விற்றுப் போகவில்லை. சமூகங்களாகத்தான் வந்து சேர்ந்தார்கள். டிரஸ்டில் எஞ்சினியராக இருந்த மஞ்சேர்ஜி எதுல்ஜி ஜோஷி, நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்காக 103 மனைகளை ஒதுக்கச் செய்தார். அதுவே தாதர் பார்சி காலனி. அதன் நடுவில் உள்ள ஐந்து தோட்டங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். பக்கத்திலேயே இந்து காலனி. பாபாசாகேப் அம்பேத்கர் 1930களில் தமக்கும் தம் புத்தகங்களுக்குமாகக் கட்டிக்கொண்ட 'ராஜகிருஹம்' அந்தக் காலனியில்தான் இருக்கிறது. கட்ச் பகுதியிலிருந்து வந்த ஜைன வணிகர்கள் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் குடியேறினார்கள். மசானி சாலைப் பக்கம் பஞ்சாபிகள் வந்தார்கள். பிருத்விராஜ் கபூர் அங்கே குடியிருந்தார். நடிகர் கே.என். சிங் அக்கம்பக்கத்தவர். கே.எல். சைகலும் மாட்டுங்காவாசிதான். ஹிந்தி சினிமாவின் ஒரு முழுத் தலைமுறை அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறது.

நம்மவர்கள் வந்த கதை வேறு. பம்பாய்க்கும் மதறாஸுக்கும் இடையே ராய்ச்சூர் வழியாக 1871லேயே ரயில் இணைப்பு வந்துவிட்டது. ஆனால் கூட்டமாக வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு கிராமங்களில் நிலம் பங்கு பிரிந்து சுருங்கியது. 1920களில் மதறாஸ் மாகாண அரசு உத்தியோகங்களில் வகுப்புவாரி ஒதுக்கீடு வந்தது. இதை மட்டுமே காரணமாகச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பம்பாயில் கம்பெனிகளும் பாங்குகளும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்களும் ரயில்வே அலுவலகங்களும் பெருகிக்கொண்டிருந்தன. இங்கிலீஷில் பிழையில்லாமல் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. ஊரில் வாய்ப்புக் குறைந்ததும் உண்மை, பம்பாய் கை நீட்டி அழைத்ததும் உண்மை.

ஒரே கதவுக்குள் சகலமும்

வந்தவர்கள் எங்கே தங்குவது? பம்பாயில் தொழிலாளிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் உரியது 'சால்' என்கிற வரிசை வீடு. ஒரே அறை, நீண்ட நடை, கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. நம் அக்ரஹாரத்து வீடோ நேர் எதிர். ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. கழிப்பிடம் என்பது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ அவ்வளவு ஆசாரம்.

மாட்டுங்காவில் 1930களில் கட்டப்பட்டவை கான்கிரீட் அடுக்குமாடிகள். கழிப்பறையும் குளியலறையும் சமையலறையும் ஒரே கதவுக்குள். 'செல்ஃப் கன்டெயின்டு பிளாக்' என்பார்கள். மடி ஆசாரம் பார்க்கும் பாட்டிகள் இதை எப்படி ஒப்புக்கொண்டார்கள்? சரித்திர ஆசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட 'ஹவுஸ், பட் நோ கார்டன்' என்ற நூல் இந்தப் பேட்டையின் அடுக்குமாடி வாழ்க்கையையும் தென்னிந்தியர்களையும் விரிவாக ஆராய்கிறது. எங்கள் வீட்டு அனுபவத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான்: முன்பின் தெரியாத பத்துக் குடும்பத்தாரோடு ஒரு கழிப்பறையைப் பங்கு போட்டுக்கொள்வதை விட, அடுக்களைக்கு இரண்டு சுவர் தள்ளித் தனக்கென்று ஒன்று இருப்பது மேல் என்று பாட்டி தீர்மானித்துவிட்டாள். ஒரு ஆசாரத்தைக் காப்பாற்ற இன்னொரு ஆசாரத்தை விட்டுக்கொடுத்தார்கள். பம்பாய் நம்மை நவீனப்படுத்திய விதமே அதுதான். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, குழாயையும் கதவையும் வைத்தே சாதித்துவிட்டது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ஊரில் வடமாள், பிரஹசரணம், ஐயர், ஐயங்கார், பாலக்காடு, தஞ்சாவூர் என்று எத்தனையோ கோடுகள். பம்பாய்க்காரர்களுக்கு அத்தனை பேரும் ஒரே 'மதறாஸி'. தமிழரும் மலையாளியும் கன்னடத்தாரும் தெலுங்கரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கினார்கள். சொன்னவர்கள் அறியாமையால் சொன்னார்கள். ஆனால் கேட்டவர்கள் அதை ஒரு உறவாக்கிக்கொண்டார்கள். அக்காலத்து மாட்டுங்கா ஸ்தாபனங்கள் பலவற்றின் பெயரில் 'தென்னிந்திய' என்ற சொல் இருப்பது தற்செயல் அல்ல.

நம் நாக்கை வளர்த்த உடுப்பிக்காரர்கள்

மணமாகாத குமாஸ்தாக்களுக்கு முதல் பிரச்சினை சாப்பாடு. நான்கு பேர் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஒரு சமையல்காரரை வைத்துக்கொள்வார்கள். அதுவே வளர்ந்து மெஸ் ஆகும். மெஸ் வளர்ந்து போர்டிங் ஆகும், ஹோட்டல் ஆகும்.

இங்கே நாம் மறக்கக் கூடாத ஒரு விஷயம் உண்டு. மாட்டுங்காவின் புகழ்பெற்ற 'மதறாஸி' ஹோட்டல்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் அல்லர். உடுப்பி, மங்களூர், தென் கன்னடத்திலிருந்து வந்தவர்கள். ஏ. ராம நாயக் சிறு வயதில் பம்பாய் வந்து சமையற்கட்டுகளில் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். 1936இல் தொடங்கிய கஃபே மைசூரும், 1942இல் மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கும் அவர் பெயரோடு சேர்ந்தவை. 1939இல் ராம் ஆஷ்ரயா. 1940இல் கஃபே மெட்ராஸ். அதை நடத்தியதோ காமத் குடும்பம். பெயர் மெட்ராஸ், முதலாளி வீட்டுப் பேச்சு கொங்கணி, வாடிக்கையாளர் பாலக்காட்டு ஐயர், பக்கத்து மேஜையில் குஜராத்தி சேட்டு. மாட்டுங்காவை ஒரு மேஜையில் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் அது.

நாம் இவர்களிடம் இட்லி தின்றோம், இவர்கள் நம் ரசத்தை வடையோடு சேர்த்து ஊருக்கெல்லாம் ரச வடையாக்கினார்கள். ரவா கேசரிக்கு மராட்டிய வழக்கப்படி 'ஷீரா' என்று பெயர் வைத்து, அன்னாசிப் பழத்தைச் சேர்த்து, 'பைனாப்பிள் ஷீரா'வாக ராம் ஆஷ்ரயாவில் பரிமாறினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்காக நடைபாதையில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே கஃபே மைசூர் தமக்குப் பிடித்த இடம் என்று முகேஷ் அம்பானியே சொல்லியிருக்கிறார்.

கிங்ஸ் சர்க்கிள் முனையில் கூலார் அண்ட் கம்பெனி என்ற இரானி கடை. 1932இல் தொடங்கியது. பெரியவர்கள் முகம் சுளித்தாலும் எங்கள் தலைமுறைக்குப் பன் மஸ்காவும் இரானி சாயாவும் அறிமுகமானது அங்கேதான். காபிக் குடும்பத்துப் பிள்ளைகள் டீ குடிக்கக் கற்றுக்கொண்ட இடம் என்றே அதைச் சொல்லலாம். கட்ச்சிக்காரர் கடையில் நேந்திரங்காய் வறுவலை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு பொட்டலம் கட்டித் தருவார்கள். முறுக்கும் தட்டையும் தேன்குழலும் அவர்களே விற்பார்கள். நம் பலகாரத்தை நம்மை விட நன்றாக வியாபாரம் செய்யத் தெரிந்தவர்கள்!

கல்லூரிகளும் இந்தப் பேட்டைக்கு உயிர் கொடுத்தன. வி.ஜே.டி.ஐ. 1923இல் மாட்டுங்காவுக்கு இடம் மாறி வந்தது. 1937இல் ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும், 1941இல் போத்தார் கல்லூரியும் தொடங்கப்பட்டன. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் ஆரம்பித்த இரசாயனத் தொழில்நுட்பத் துறை 1943இல் இங்கே வந்தது. ரூயா நாக்காவில் மாலை நேரத்தில் நிற்கும் மாணவர் கூட்டம் எந்த பாஷை பேசும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே வாக்கியத்தில் மராட்டி, குஜராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் நான்கும் வரும். அருகே பல பத்தாண்டுகள் நடந்த மணீஸ் லஞ்ச் ஹோமில் அந்தக் கூட்டமே சாம்பாரில் மூழ்கிய இட்லிக்கு அடிமையாகிக் கிடந்தது.

பஜனை, பள்ளி, கச்சேரி

வயிறு நிறைந்த பிறகுதானே மற்றது? 1923இல் ஆஸ்திக சமாஜம் தோன்றியது. பஜனையில் தொடங்கிய அந்த இடத்தை இன்று எல்லோரும் 'கொச்சு குருவாயூர்' என்றே அழைக்கிறார்கள். பக்கத்திலேயே பஜன சமாஜம், சங்கர மடம், ஆந்திர வைசியர்களின் கன்யகா பரமேசுவரி கோயில், ஜைனக் கோயில். 1955 முதல் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்கள் கிங்ஸ் சர்க்கிளில் ஐந்து நாள் கணபதி உற்சவம் நடத்துகிறார்கள். சற்றுத் தள்ளி டான் பாஸ்கோ மாதா ஆலயம். 1957இல் அர்ச்சிக்கப்பட்டது. பரீட்சைக்கு முன் கொச்சு குருவாயூரிலும் மாதா கோயிலிலும் இரண்டு இடத்திலும் வேண்டிக்கொண்டு போன ஐயர் பையன்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

எம்.வி. வெங்கடேஸ்வரன் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவின் மிகப் பெரிய சாதனை. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கென்று எளிமையாகத் தொடங்கிய அது, 1960இல் சயானில் கல்லூரி கண்டு, பிறகு நவி மும்பை வரை விரிந்தது. அதில் இன்று படிப்பவர்களில் தென்னிந்தியர் சிறுபான்மை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது பெருமையாகவே படுகிறது. தனக்கென்று தோண்டிய கிணறு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

இசைக்கு 1952இல் சண்முகானந்த சபா அமைந்தது. 1963இல் அதன் மாபெரும் அரங்கம் திறக்கப்பட்டது. 1990இல் தீ விபத்தில் எரிந்து போனது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், 2,763 இருக்கைகளோடு மீண்டும் எழுந்தது. கர்நாடக சங்கீதத்துக்குக் கட்டிய மேடைதான், ஆனால் அதில் ஹிந்துஸ்தானி வித்வான்களும் மராட்டி, குஜராத்தி நாடகக்காரர்களும் ஏறியிருக்கிறார்கள். 'பம்பாய் சகோதரிகள்' என்று நாம் கொண்டாடும் சி. சரோஜா, சி. லலிதா இருவரும் மாட்டுங்காவில் அந்தத் தென்னிந்தியப் பள்ளியில் படித்து, எச்.ஏ.எஸ். மணி அவர்களிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள். சென்னைக்குச் சென்று புகழ் பெற்ற பிறகும் பேரில் பம்பாயைச் சுமந்தார்களே, அதுவே போதும்.

மாலை வேளைகளில் ஐந்து தோட்டங்களிலும் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவிலும் பென்ஷன் வாங்கும் மாமாக்கள் கூடுவார்கள். ஒரு பெஞ்சில் தமிழ், அடுத்ததில் குஜராத்தி, அதற்கடுத்ததில் பார்சிக் கிழவர்கள். சர்க்கரை வியாதி என்ற ஒரே விஷயத்தில் மூன்று பெஞ்சும் ஒன்று சேரும்.

அறுபதுகளின் சோதனை

எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. 1960 மே 1ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. மண்ணின் மைந்தர்களுக்கு அலுவலகங்களில் இடமில்லை என்ற மனக்குறை வளர்ந்தது. 'மார்மிக்' வார இதழ் கம்பெனி அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, எத்தனை தென்னிந்தியர் என்று காட்டியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. லுங்கிக்காரர்களே வெளியேறுங்கள் என்ற கோஷம் எழுந்தது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. 1969 பிப்ரவரியில் எல்லைப் பிரச்சினையை ஒட்டி நகரில் பெருங்கலவரம் மூண்டது.

நான் அப்போது பள்ளிச் சிறுவன். ஒரு நாள் பள்ளியிலிருந்து பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். ஹோட்டல்களின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கியிருந்தன. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மராட்டிய அம்மாள், நாங்கள் 'மாவ்ஷி' என்று கூப்பிடுவோம், தன் பிள்ளைகளோடு எங்கள் நான்கு பேரையும் சேர்த்துக் கைப்பிடித்து அழைத்து வந்தார். வழியில் எவரும் தமிழில் பேசக்கூடாது என்று ஒரே ஒரு கட்டளை. வீடு வந்ததும் எங்கள் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல் அரிசி களையப் போய்விட்டார். அந்த வார முழுவதும் எங்கள் வீட்டுக்குப் பால் வாங்கி வந்தது அவர் மூத்த மகன்.

அந்த மனக்குறையில் கொஞ்சமும் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஒரு ஆபீஸில் ஒருவர் நுழைந்தால் அடுத்த காலியிடத்துக்குத் தம் சகலையின் தம்பியைக் கொண்டு வந்தது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதைதானே? பல வருஷம் வாழ்ந்தும் மராட்டி கற்காதவர்கள் நம்மில் இருந்தார்கள். அடித்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பிறகுதான் எங்கள் அப்பா மராட்டிப் பத்திரிகை வாங்க ஆரம்பித்தார்.

தண்டவாளத்துக்கு அப்பால்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாட்டுங்காவுக்கு மேற்கே, தண்டவாளங்களைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் தமிழ்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மைப் போலவே, சிலர் நமக்கும் முன்பே, பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள். தாராவியின் ஒரு பகுதிக்கு 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்றே பெயர். பெயரில் இருந்த மாட்டுங்காவுக்குள் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது? ஒரே மொழி பேசி, ஒரே ஸ்டேஷனில் இறங்கி, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலே இரண்டு மூன்று தலைமுறை கழிந்தது. நம்மைச் சுற்றியிருந்த பார்சியையும் குஜராத்தியையும் அறிந்த அளவுக்கு நம் மொழிக்காரரை நாம் அறிந்துகொள்ளவில்லை.

எழுபதுகளில் எங்கள் கட்டடத்தில் ஒரு பிளாக் காலியானது. ஒரு கிறிஸ்துவக் குடும்பம் பார்க்க வந்தது. அந்தக் கணவர் எங்கள் அப்பாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். கட்டடத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, 'ஏற்கெனவே வேறொருவருக்குச் சொல்லியாகிவிட்டது' என்று பதில் அனுப்பினார்கள். யாருக்கும் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்மானத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பல வருஷம் கழித்து, "அவன் மதியம் எப்போதும் போல் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை" என்று என்னிடம் சொன்னார்.

மாட்டுங்காவின் இயல்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீடுகள் தனித்தனி, வீதி பொது. பார்சி காலனி பார்சிகளுக்கு, நம் கட்டடம் நமக்கு, ஜைனர் கட்டடம் ஜைனர்களுக்கு. கதவுக்குள் யாரும் யாரையும் அவ்வளவாக அழைக்கவில்லை. ஆனால் ஹோட்டல் மேஜையிலும் பூங்கா பெஞ்சிலும் சபாவிலும் காய்கறிக் கடையிலும் யாரையும் யாரும் தடுக்கவில்லை. நாம் மாட்டுங்காவின் விருந்தோம்பல் என்று புகழ்வது அந்த வீதியின் விருந்தோம்பலைத்தான்.

இன்றைய மாட்டுங்கா

1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகைகளைக் கட்டிப் போட்டது. அதனால்தான் நடுத்தரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்க முடிந்தது. சிறிய ஹோட்டல்கள் அதே இடத்தில் எண்பது வருஷம் நிலைத்ததிலும் அதற்குப் பங்கு இருக்க வேண்டும். அதே சட்டத்தால் சொந்தக்காரர்கள் கட்டடங்களைப் பராமரிக்காமல் விட்டார்கள். 2000ஆம் ஆண்டில் புதிய மகாராஷ்டிர வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. இப்போது பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயர்ந்த கோபுரங்கள் எழுகின்றன. நம் பிள்ளைகளோ ஏற்கெனவே செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மாட்டுங்காவில் இன்று தமிழை விட குஜராத்தியும் கட்ச்சியும் அதிகம் கேட்கின்றன.

ஆனாலும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மல்லிகைச் சரமும் வாழையிலையும் கறிவேப்பிலையும் மணக்கின்றன. அந்த ஸ்டேஷனில் 2017 முதல் டிக்கெட் கொடுப்பதிலிருந்து நிர்வாகம் வரை அனைவரும் பெண்கள். நாட்டிலேயே முதன்முறை என்று லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறியது. பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும், கல்யாணத்துக்கு மாலையும் வாங்க புறநகரங்களிலிருந்தெல்லாம் இன்னும் இங்கேதான் வருகிறார்கள். மாட்டுங்காவில் சிறியதாகத் தொடங்கிய கிரி டிரேடிங் கடை இன்று பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கிறது.

புதிய கோபுரங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரே கவலைதான். அவற்றுக்குள்ளேயே தோட்டம், உள்ளேயே கிளப், உள்ளேயே ஜிம். கீழே இறங்கி வரவே காரணமில்லை. வீடுகள் அன்றும் தனித்தனிதான். ஆனால் வீதி இருந்தது. வீதியும் போய்விட்டால் மிஞ்சுவது சுவர்கள் மட்டுமே. ஹோட்டல்காரரின் பேரன் கடையை மூட நினைத்தால் நாம் இழப்பது ரச வடையை மட்டுமல்ல, முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையும்தான்.

கடந்த மார்கழியில் மாட்டுங்கா போயிருந்தேன். எங்கள் பழைய கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள். கீழ்த்தளத்து மாவ்ஷியின் மகனைத் தற்செயலாகக் கண்டேன். அன்று எங்களுக்குப் பால் வாங்கி வந்தவர், இன்று தாத்தா. இருவரும் ஹோட்டலுக்குப் போனோம். கூட்டம். எங்கள் மேஜையிலேயே கல்லூரிப் பெண்கள் இருவரை உட்கார வைத்தார்கள். அவர்கள் ரச வடையை எப்படிச் சாப்பிடுவது என்று மராட்டியில் கேட்க, என் நண்பர் ஒரு தஞ்சாவூர்க்காரரின் அதிகாரத்தோடு விளக்கினார்!

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் மாட்டுங்காவில் வாழ்ந்த பெரியவர்கள் இருந்தால், தள்ளிப் போடாமல் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்த மெஸ், எவ்வளவு வாடகை, பக்கத்து வீட்டில் யார் என்று எழுதி வையுங்கள். நீங்கள் இருப்பது டெல்லி கரோல் பாக்காக இருக்கலாம், கல்கத்தா லேக் மார்க்கெட்டாக இருக்கலாம். ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "புதிதாக வந்த உங்களுக்கு முதல் முதலில் உதவி செய்தவர் யார்?" பெரும்பாலும் அவர் நம்மவராக இருக்க மாட்டார். அந்தப் பெயரையும் சேர்த்து எழுதி வைப்பதே நாம் செலுத்தக்கூடிய வாடகை.